அப்பா நாளைக்குப் போய்விட்டு வந்த கதை

எங்கள் வீட்டு ஹாலில் சுவாமி படத்துக்குக் கீழே ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. மளிகைக் கடையில் ஜனவரி 1-ம் தேதி ஓசியில் கொடுத்தது. ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாம் போக, அடியில் பொடி எழுத்தில் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரு சொல் போட்டிருப்பார்கள். வெற்றி, பயம், நட்பு, கோபம் என்று. ஒரு மனுஷனுடைய முழு நாளையும் ஒரே சொல்லில் முடிக்கிற அந்தச் சிக்கனம் வேறு எந்த எழுத்தாளருக்கும் வராது.

தினமும் காலையில் தாளைக் கிழிப்பது அப்பாவின் வேலை. ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அதுதான்.

அந்தச் சமயத்தில் நாங்கள் குடும்பத்தோடு 'டார்க்' பார்த்துக்கொண்டிருந்தோம். 2017-ல் ஆரம்பித்து 2020-ல் முடிந்த ஜெர்மன் தொடர். மூன்று சீசன், மொத்தம் 26 எபிசோடு. விண்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குகை. அதற்குள் நுழைந்தால் முப்பத்து மூன்று வருடம் முன்னாலோ பின்னாலோ போய் வெளியே வரலாம். 2019, 1986, 1953 என்று கதை தாவிக்கொண்டே இருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்று பார்க்கிறவர்கள் நோட்டுப் போட்டுக் குறித்துவைத்துக்கொள்வார்கள். நானும் போட்டேன். (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.)

அம்மாவுக்கு நோட்டே தேவைப்படவில்லை. மிக்கெல் என்கிற சின்னப் பையன் 2019-லிருந்து 1986-க்குப் போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே வளர்கிறான், கல்யாணம் செய்கிறான், அவன் மகன்தான் ஹீரோ யோனாஸ் என்று தெரிந்த நொடியில், நான் பேனாவைத் தேடுவதற்குள் அம்மா கண்டுபிடித்துவிட்டார். "அப்போ அந்த மார்த்தா இவனுக்கு அத்தை முறை ஆகுதுல்ல? சிச்சீ. அத்தை மகளைக் கட்டலாம், அத்தையவே கட்டுறதா? இவய்ங்க ஊர்ல பெரிய மனுஷங்களே கிடையாதா?" தாய்மாமனைக் கட்டி, பாட்டியே மாமியாரும் ஆன குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மன்காரர்களின் குழப்பமெல்லாம் அவரிடம் செல்லுமா? மகளே தன் அம்மாவுக்கு அம்மாவாக இருக்கிறாள் என்று இணையத்தில் பலர் தலையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில்கூட, "நாங்க 'எங்க ஆத்தாவே வந்து பொறந்திருக்கா'ன்னு சொல்றதில்லையா, அது மாதிரிதான்" என்று முறுக்கைக் கடித்தார்.

அப்பாவைப் பிடித்து உலுக்கியது வேறொரு இடம். தன் அப்பாவின் தற்கொலையைத் தடுக்க யோனாஸ் முந்தைய நாளுக்கே போகிறான். போய் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கிறான். அவருக்கோ அப்படி ஒரு எண்ணமே அதுவரை கிடையாது. இவன் போய்ச் சொன்னதுதான் ஆரம்பம். அந்த எபிசோடு முடிந்ததும் அப்பா டிவியை அணைத்துவிட்டு, "அப்போ மனுஷன் கையில ஒண்ணுமே இல்லையாடா?" என்றார்.

"அழகரைப் பாருங்க" என்றார் அம்மா. "தங்கச்சி கல்யாணத்துக்கு வருஷா வருஷம் கிளம்புறாரு. வருஷா வருஷம் அவரு வைகைக்கு வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுபோகுது. ஒரு வருஷமாச்சும் ரெண்டு நாள் முன்னாடி கிளம்பலாம்ல? மாட்டாரு. கோவிச்சுக்கிட்டு வண்டியூர் போயிருவாரு. அவரே அப்படின்னா நாம எம்மாத்திரம்?"

நான் விடவில்லை. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, அழகர் சித்திரையில் தேனூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், திருமலை நாயக்கர்தான் பதினேழாம் நூற்றாண்டில் இரண்டு விழாவையும் சேர்த்து வைத்தார் என்று சொல்வார்கள். அதாவது அழகர் கல்யாணத்துக்கு லேட்டானதே நாயக்கர் தேதியை மாற்றிய பிறகுதான். ஒரு மனுஷன் நினைத்து விதியை மாற்றியிருக்கிறார். பழைய காலத்தின் தடயமும் ஊரில் இருக்கிறது: சித்திரைத் திருவிழாவின் தேர் இன்றைக்கும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. இதையெல்லாம் நான் சோபாவில் ஏறி நிற்காத குறையாக விளக்கினேன்.

அம்மா, "நாயக்கர் மாத்தணும்னு அவர் தலையில எழுதியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு மாவு கரைக்கப் போய்விட்டார். இந்தத் தர்க்கத்தை ஜெயிக்க ஐன்ஸ்டைனாலும் ஆகாது.

ஆனால் அப்பா உள்ளுக்குள் நாயக்கர் கட்சிக்கு மாறிவிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றார். மீனம்: செலவு.

"இன்னைக்கு இதைப் பொய்யாக்கிக் காட்டுறேன்" என்றார். பர்ஸை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். போனில் ஜிபே இருப்பதால் அதையும் டிவி மேலே வைத்தார். அதோடு விட்டாரா? செலவுக்கு எதிர்ப்பதம் வரவு என்பதால், இரண்டு வருடம் முன்பு கடன் வாங்கிய நண்பரைப் பார்க்க தெப்பக்குளம் போய்வருவதாக வண்டியை எடுத்துக்கொண்டு செல்லூரிலிருந்து கிளம்பினார்.

பதினொன்றரை மணிக்கு டிவி மேலே போன் 'டிங்' என்றது. அம்மா எடுத்து என்னிடம் நீட்டினார். எங்கள் வண்டி நம்பர். கோரிப்பாளையத்தில் ஓட்டுநர் உரிமம் காட்டாததற்கு அபராதம். உரிமம் இருந்தது பர்ஸில். அதன் டிஜிட்டல் நகல் இருந்தது போனில். தொகையை இங்கே எழுதினால் அப்பாவுக்கு இன்னொரு தடவை வலிக்கும்.

ஆக, அப்பா வீட்டுக்கு வருவதற்கு முன்பே அப்பாவுக்கு என்ன ஆனது என்பது வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா சோற்றை வடித்துவிட்டு நிதானமாகக் காத்திருந்தார். ஒன்றரை மணிக்கு அப்பா வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நண்பர் வீடு பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டில் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருப்பார் என்றார்களாம். கோயிலில் யானைக்கல் போயிருப்பார் என்றார்களாம். யானைக்கல்லிலும் ஆளில்லையாம். கோரிப்பாளையம் என்ற பெயரை மட்டும் அவர் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை.

"ஆனா பாரு, பத்து பைசா செலவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அம்மா ஒன்றும் பேசாமல் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்பா படித்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டார். இன்னொரு தடவை படித்தார். "இப்பவே கட்டிரலாமாப்பா?" என்று நான் போனை எடுத்ததும் பதறிப்போய்த் தடுத்தார். "கட்டாதே! அபராதம் போட்டிருக்காங்க, அவ்வளவுதான். காசு இன்னும் நம்மகிட்டதான் இருக்கு. நாளைக்குக் கட்டுவோம். இன்னைக்குச் செலவு கணக்கு சைபர்." சட்டப்படி யோசித்தால் அவர் சொன்னது சரிதான். அன்று ராத்திரி காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படுத்தார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருந்தது முகம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என்னை எழுப்பி அபராதத்தைக் கட்டச் சொன்னார். கட்டினேன். அவர் பேப்பரை விரித்தார். பிறகுதான் அம்மா, ராகு காலம் பார்க்க வந்தவர், "ஏங்க, இன்னும் நேத்துத் தாள் கிழிக்கலையா?" என்று கேட்டார்.

அப்பா பேப்பரில் இருந்த தேதியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே தேதி. கிழிக்கவே வேண்டாம்.

முந்தைய நாள் காலையில் மனுஷன் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்திருக்கிறார். ராசியை மட்டும் பார்த்தவர் தேதியைப் பார்க்கவில்லை. 'செலவு' என்று போட்டிருந்தது இன்றைக்கு. இன்றைக்குத்தான், சற்று முன்னால்தான், அவரே எழுப்பிக் கட்டச் சொன்னார். நேற்றே கட்டியிருந்தால் காலண்டர் பொய்யாகியிருக்கும்.

அப்படியானால் நேற்றைக்கு என்ன போட்டிருந்தது? அம்மா கிழித்த தாளைத் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை, கடைச் சீட்டு எழுத டப்பாவில் போட்டுவைப்பார். தேடி எடுத்தேன். பின்பக்கம் துவரம் பருப்பு அரை கிலோ, பெருங்காயம். முன்பக்கம், மீனம்: அலைச்சல்.

தெப்பக்குளம், மாரியம்மன் கோயில், யானைக்கல், கோரிப்பாளையம்.

"முதல்லயே ஒழுங்காப் பார்த்திருந்தா வீட்டுலயே கிடந்திருப்பேன்" என்று முனகினார். "வீட்டுல கிடந்திருந்தா நான் ரேஷன் கடைக்கு அனுப்பியிருப்பேன், அதுவும் அலைச்சல்தான்" என்றார் அம்மா.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய், யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், இன்றையத் தாளின் ஓரத்தை லேசாகத் தூக்கி அடுத்த நாளை எட்டிப் பார்த்தார். வரவு என்று இருந்திருக்கிறது. பர்ஸ், போன், ஆர்.சி. புத்தகம், எதற்கும் இருக்கட்டும் என்று இன்ஷூரன்ஸ் பேப்பர், எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்கப்பா?"

"தெப்பக்குளம்."

"வரவு நாளைக்குத்தானேப்பா?"

"ஒரு நாள் முன்னாடி போய் நின்னா என்ன? அழகர் மாதிரி லேட்டாப் போகச் சொல்றியா?"