மூன்றாவது ஆணி

ஃபுளோரிடாவில் சொந்த வீடு இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கலக்கும் கடிதம் ஒன்று வரும். வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம். தொகையைப் பார்த்த பிறகுதான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் டாம்பா வட்டாரத்தில் உரிமம் பெற்ற வீட்டு ஆய்வாளர். வீடு புயல்காற்றைத் தாங்குமா என்று பார்த்து, '1802' என்று நாங்கள் சொல்லும் அரசுப் படிவத்தை நிரப்பித் தருவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வீட்டில் அந்தப் பாதுகாப்புகள் இருந்தால், பிரீமியத்தில் புயல்காற்றுக்கான பங்கில் தள்ளுபடி தரவேண்டும் என்பது மாநிலச் சட்டம். தள்ளுபடி உண்டு என்பதைப் பாலிசிதாரருக்கு நிறுவனம் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் தடித்த உறைக்குள் இருக்கும் தாள்களில் அது ஒன்று. யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

இந்த விதிகளுக்கெல்லாம் பின்னால் நிற்பது 1992 ஆகஸ்ட் 24. அன்று ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட் பகுதியைத் துவம்சம் செய்தது. இடிபாடுகளை ஆராய்ந்தவர்கள் கண்ட குறைகளில் ஒன்று, கூரைப் பலகையில் அடித்த ஆணிகள் பல கீழேயிருக்கும் மரச்சட்டத்தில் இறங்காமல் பக்கவாட்டில் போயிருந்தது. காற்று பலகையைப் பெயர்த்ததும் மழை உள்ளே கொட்டியது. பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாயின. அதன்பின் 1994-இல் தெற்கு ஃபுளோரிடாவில் கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. அதற்குப் பிறகு அனுமதி வாங்கிக் கட்டிய வீடு என்றால் படிவத்தின் முதல் கேள்வியிலேயே பலன் கிடைத்துவிடும்.

பழைய வீடு என்றால் அட்டிக்கில், அதாவது கூரைக்கும் அறையின் மேற்தளத்துக்கும் நடுவிலுள்ள இடத்தில், ஏறித்தான் ஆகவேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடப் பார்ப்பேன். பஞ்சு போல் கொட்டிக் கிடக்கும் வெப்பத்தடுப்புக்குக் கீழே எங்கே மரம் இருக்கிறது என்று கையால் தடவித் தடவி, கூரை சுவரைத் தொடும் ஓரம்வரை தவழ வேண்டும். மரத்தில் இறங்காமல் தப்பிய ஆணி ஒன்று பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு அது நல்ல சாட்சி. பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்தால் ஆணியின் நீளம் தெரிந்துவிடும். இரண்டரை அங்குல ஆணியா, அதைவிடச் சின்னதா, ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக அடித்திருக்கிறார்களா, பன்னிரண்டுக்கு ஒன்றா என்பதைப் பொறுத்துத் தள்ளுபடி மாறும்.

ஓரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கூரையைத் தாங்கும் மரச்சட்டமான ட்ரஸ் சுவரோடு எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது? சாய்த்து அடித்த வெறும் ஆணியா, பக்கத்தில் பிடித்த இரும்புக் கிளிப்பா, ட்ரஸ்ஸின் மேலே சுற்றி வந்து மறுபக்கமும் ஆணி அடித்த பட்டையா? காற்று கூரையை மேலே தூக்கப் பார்க்கும். அதை இழுத்துப் பிடித்திருப்பது இந்த இணைப்புதான்.

டாம்பாவுக்குப் பக்கத்திலுள்ள லார்கோவில் எண்பதுகளில் கட்டிய கான்கிரீட் பிளாக் வீடு ஒன்று. கணவர் இறந்தபின் அந்த அம்மா தனியாக இருக்கிறார். பாலிசியை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் பிரீமியம் ஏறியிருந்தது. முந்தைய அறிக்கையில் 'வெறும் ஆணி' என்ற கட்டத்தில் குறி இருந்தது. நான் ஓரம்வரை போய்ப் பார்த்தால் எல்லா ட்ரஸ்ஸிலும் கிளிப் இருக்கிறது, துரு இல்லை, இடைவெளி இல்லை. ஆனால் ட்ரஸ்ஸில் ஒவ்வொரு கிளிப்புக்கும் இரண்டே ஆணி. படிவம் கேட்பது மூன்று. இரண்டு என்றால் அது கிளிப் கணக்கில் சேராது. ஆக, முந்தைய அறிக்கை சரிதான். ஆனால் ஓர் ஆணிதான் குறைகிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அப்புறம் அவர் ஆள் வைத்து ஒவ்வொரு கிளிப்பிலும் மூன்றாவது ஆணியை அடிக்க வைத்தார். நான் மறுபடி போய்ப் படம் எடுத்துப் புதிய படிவம் கொடுத்தேன். அவர் அந்த வீட்டிலேயே, காப்பீட்டோடு இருக்கிறார்.

அதனால்தான், ஜன்னல் விற்பவரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆய்வு செய்துகொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். புயல் தாங்கும் கண்ணாடி நல்லதுதான். ஜன்னல் உடைந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். ஆனால் ஜன்னல், கதவு போன்ற திறப்புகளில் இருப்பதிலேயே பலவீனமானதை வைத்துத்தான் படிவம் மதிப்பிடும். எல்லா ஜன்னலையும் மாற்றிவிட்டுக் கூரையில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பைப் பழையபடி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும் பணம் செலவழித்தும் அந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை.

டாம்பாவுக்கு வடக்கே வெஸ்லி சாப்பலில் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். "புது வீடுதானே அண்ணா, இதுக்கெல்லாம் எதுக்கு இன்ஸ்பெக்‌ஷன்?" என்று தம்பி முறையில் பழகும் ஒருவர் கேட்டார். அவருடைய கராஜில், குழந்தைகளின் சைக்கிள்களுக்குப் பின்னால், கட்டுநர் விட்டுப்போன உலோகப் பலகைகள் சாய்ந்திருந்தன. புயல் வரும்போது ஜன்னல்மேல் பூட்டுபவை. இடத்தை அடைக்கிறது என்று தூக்கிப்போட இருந்தார். அங்கீகார எண் முத்திரையோடு எல்லாத் திறப்புகளுக்கும் இருந்ததால் அவையும் கணக்கில் வந்தன. நான்கு பக்கமும் சரிந்த அவருடைய கூரைக்குத் தனித் தள்ளுபடி. முக்கோணச் சுவர் உள்ள கூரையைவிட அதில் காற்று எளிதாக வழுக்கிப் போகும்.

செலவு கையைக் கடிக்கிறது என்பவர்கள் மாநில அரசின் 'மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்' திட்டத்தைப் பார்க்கலாம். தகுதி இருந்தால் ஆய்வு இலவசம். நாம் போடும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு இரண்டு டாலர், அதிகபட்சம் 10,000 டாலர்வரை தரும். நிதி தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். ஒப்புதலுக்கு முன் வேலையை ஆரம்பித்தால் அந்தச் செலவு திரும்பி வராது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது காற்றுக்கான தள்ளுபடி. 2024-இல் ஹெலீன் புயலின்போது லார்கோ இருக்கும் பினெல்லஸ் மாவட்டத்தின் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது கடல்நீர். வெள்ளச் சேதம் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வராது, அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

படிவம் அதிகபட்சம் ஐந்து வருடம் செல்லும். நடுவில் கூரை மாற்றினால் புதிதாக எடுங்கள். பழைய வீடு என்றால் அந்தச் சமயத்தில் பலகையை மறுபடி ஆணியடித்து இறுக்க வேண்டியிருக்கும். ஓடோ, ஷிங்கிள் என்கிற மெல்லிய கூரைத்தகடோ போடுவதற்கு முன் பலகைமேல் நீர்த்தடுப்புப் படலம் ஒட்டுகிறார்கள் என்றால் அதற்கும் தள்ளுபடி உண்டு. மேலே மூடிவிட்டால் என்னால் அதைப் பார்க்க முடியாது. ஒட்டும் அன்றே செல்போனில் படம் எடுத்து, கூரைக்கான பெர்மிட், பில் இரண்டோடும் சேர்த்து வையுங்கள்.