ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள்

கடலோர ஊரான மண்டபத்தில் என் கொட்டகையில் நிற்கும், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலச் சக்கரம் பொருத்த விரும்பினேன். ரிம்மின் அகலம் 1 அங்குலம் கூடினால், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாதவரை, உள்ளும் புறமும் 12.7 மில்லிமீட்டர் வீதம் கூடும்; மட்கார்டு மடிப்பில் அவ்வளவுக்கு இடம் இருந்தது. 1962இல் வெளிவந்த இந்த வண்டியின் ஆதி அமைப்பில் குறுக்கே கிடக்கும் லீஃப் ஸ்பிரிங்கே, அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில்லே, பின்பாரத்தைத் தாங்குவதால், வளைவில் பின்பக்கம் எழும்போது சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிப்பு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். ஆகவே, 1970இல் இதே வண்டியின் நான்காம் மார்க்கில் (நான்காம் வடிவத்தில்) வந்த, பட்டைகள் நடுவில் அசையக்கூடிய ஸ்பிரிங்கை மாட்டி, அதற்கு ஈடாக வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் தடித்ததாக மாற்றினேன்.

பழைய ஸ்பிரிங்கைப் பிரித்தபோது, உப்புக்காற்று அரித்த துரு பட்டைகளுக்கு இடையிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்தது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் அகலச் சக்கரத்துக்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.