கிளை அலுவலகங்களுக்கு ஸ்க்விட்டில் நெட் பங்கு பிரித்த அனுபவம்

எங்கள் தலைமை அலுவலகம் கோவையில். ஈரோடு, கரூர், திண்டுக்கல் கிளைகள் விபிஎன்னில் (கிளையையும் தலைமையையும் சேர்க்கும் மறையாக்கிய இணைப்பு) இங்கே வந்து, ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி (கேட்ட பக்கத்தை நடுவில் நின்று எடுத்துத் தரும் மென்பொருள்) வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். எல்லாவற்றுக்கும் ஒரே 20 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் (வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு). கரூரில் ஒருவர் திறக்கும் பக்கம் அதில் ஒருமுறை இறங்கி, விபிஎன்னில் மறுபடி ஏறிப் போகும். காலை பதினொன்று ஆனால் கிளைகளில் பில்லிங் திரை உறைந்துவிடும், உடனே போன் வரும்.

யார் இழுக்கிறார்கள் என்று ஸ்க்விட்டின் பதிவேடான ஆக்சஸ் லாகில் தேடிப் பயனில்லை. டவுன்லோடு முடிந்த பிறகுதான் அதில் வரி விழும். ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டுவது ஸ்க்விட்டின் நிலவரம் சொல்லும் கேஷ் மேனேஜரின் ஆக்டிவ் ரிக்வெஸ்ட்ஸ் பக்கம். (அதற்கான கட்டளையில் மேனேஜரைச் சுருக்கி எம்ஜிஆர் என்று தட்டவேண்டும், அது ஒரு தனிச் சந்தோஷம்.)

கட்டுப்படுத்த, ஸ்க்விட்டிலேயே உள்ள வேக வரம்பு வசதியான டிலே பூல் போட்டோம். அதில் மூன்றாம் வகுப்பு எங்களுக்காகவே செய்தது போல இருந்தது. மொத்தத்துக்கு ஒரு பக்கெட் (குறித்த வேகத்தில் நிரம்பி, இறக்க இறக்கக் குறையும் கணக்கு), ஐபி முகவரியின் மூன்றாவது எண்ணுக்கு ஒன்று, ஒவ்வொரு கணினிக்கும் ஒன்று. கரூர் 192.168.20, திண்டுக்கல் 192.168.30 என்று கிளைக்கு ஒரு எண் ஏற்கெனவே இருந்ததால் பிரிப்பது சுலபம். அளவுகள் பிட்டில் இல்லை, பைட்டில். கிளைக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 500000 என்று எழுதவேண்டும். கணினிக்கு 60000/1000000 (நிரம்பும் வேகம்/கொள்ளளவு) வைத்தோம். பக்கெட் நிரம்பியிருந்தால் முதல் 1 எம்பி சட்டென்று வரும், அப்புறம் நொடிக்கு 60 கேபிதான். சாதாரணப் பக்கம் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஐஎஸ்ஓ மாதிரி பெரிய கோப்பு இறக்குபவருக்குத் தெரியும்.

கரூரில் மட்டும் எல்லோரும் அழுதார்கள். அங்குள்ள ரௌட்டர் நாட் (முகவரி மாற்றம்) செய்து, மொத்தக் கிளையையும் ஒரே ஐபியாக அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கணினிக்கான பங்கில் கிளையே ஓடியது. ரௌட்டர் போட்டவர் "அப்படித்தான் சார் வரும்" என்றார். விபிஎன் டனலுக்கு மட்டும் அந்த நாட் அமைப்பை எடுத்துவிட்டு, கோவையில் கரூர் முகவரிகளுக்கு வழி காட்டும் ஒரு ரூட் சேர்த்தோம், சரியானது.

அதற்குப் பிறகும் சில நாள் பில்லிங் உறைந்தது. டிலே பூல் வெளியிலிருந்து ப்ராக்ஸிக்கு வருவதைத்தான் மட்டுப்படுத்தும். கேஷில் (ப்ராக்ஸி சேமித்து வைக்கும் நகல்களில்) ஏற்கெனவே இருப்பதைத் தடையில்லாமல் கொடுத்துவிடும். ஆன்டிவைரஸ் அப்டேட் கேஷில் ஏறியதும் ஒரு கிளையின் அத்தனை கணினிகளும் அதை ஒரே நேரத்தில் இழுத்தன. ஆகவே விபிஎன் சர்வரில் லினக்ஸின் டிசி (போகும் வேகத்தையும் முன்னுரிமையையும் கட்டுப்படுத்தும் கட்டளை) கொண்டு ஒவ்வொரு டனலுக்கும் உச்சவரம்பு வைத்து, ப்ராக்ஸியைத் தொடாமல் போகும் பில்லிங்குக்கு முன்னுரிமை கொடுத்தோம். இப்போது பதினொரு மணிக்குப் போன் வந்தால் அது பிரிண்டர் விஷயமாக இருக்கிறது.