கொறங்காட்டில் காட்டுயிர்களுக்கு இடம் விட்டுப் பார்த்த அனுபவம்

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் உள்ள எங்கள் கொறங்காட்டை, மாடுகளின் மேய்ச்சல் குறையாமல் காட்டுயிர்களின் வாழிடமாகவும் பேண முடியுமா என்று சில ஆண்டுகளாகச் செய்து பார்த்து வருகிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கொறங்காடு. காங்கேயம் மாடுகளை வளர்த்தெடுத்த நிலம் இது.

முதலில் வேலியில் கை வைத்தோம். கம்பி வேலி போட்டால் வேலை ஒரே மூச்சில் முடிந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் கம்பிக்கு அடியில் கௌதாரி தன் குஞ்சுகளோடு பதுங்க முடியாது. எனவே வேலி விட்டுப்போயிருந்த இடங்களில் எல்லாம், மழைக்கு முன்பாக முற்றிய கிளுவைப் போத்துகளை வெட்டி நெருக்கமாக நட்டோம். அவை வேர்பிடித்து அடரும் வரை, காட்டுக்குள் பரவியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி, அதன் முள்ளையே இடைவெளிகளில் அடைத்தோம். வேலியோரத்தில் இப்போது கீரியும் முயலும் தென்படுகின்றன.

காட்டுயிர்களைக் காப்பது என்றாலே மரக்கன்று நடுவது என்று எண்ணும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. சாம்பல்தலை வானம்பாடியும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியும் திறந்த வறண்ட தரையை நம்பி வாழ்பவை, முட்டையிடுவதும் தரையில்தான். நிலம் தோப்பாகிவிட்டால் அவற்றுக்கு அங்கே இடமில்லை. ஆகவே கன்று எதையும் வாங்கி நடாமல், மாடும் ஆடும் தின்ற வேலங்காயின் விதை சாணத்திலும் புழுக்கையிலும் கிடந்து முளைப்பதில், இடைவெளி பார்த்துச் சிலவற்றை மட்டும் வளர விடுகிறேன்.

மேய்ச்சலையும் மாற்றினோம். காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு பகுதியில் புல் கதிர்விட்டு விதை உதிரும் வரை மாடுகளை விடுவதில்லை. சரளை மேட்டில் மார்ச் முதல் ஆடி மாதம் வரை கால்நடை நடமாட்டமே இல்லை, ஏனெனில் ஆள்காட்டி அங்கேதான் முட்டையிடுகிறது. கூடு என்று சொல்ல எதுவும் இருக்காது. சிறு பள்ளத்தில், கூர்முனைகள் உள்நோக்கிய நான்கு முட்டைகள், கரும்புள்ளிகளோடு சரளைக் கல்லின் நிறத்திலேயே கிடக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது.

மாட்டுத் தொட்டியின் செங்குத்தான சுவர் சிற்றுயிர்களுக்கு ஆபத்தானது. விழுந்தால் ஏற முடியாது. அதனால் தொட்டிக்குள் கற்களைச் சாய்வாக அடுக்கி, அதன் வழிநீர் தேங்கத் தரையோடு தரையாக ஓர் ஆழமற்ற குழியும் அமைத்தோம். கோடை உச்சியில் ஆள்காட்டி அந்தக் குழியில் அமர்ந்து வயிற்று இறகை நனைத்துக்கொண்டு முட்டைக்குத் திரும்புகிறது; முட்டைகளின் சூடு அந்த ஈரத்தில் தணிகிறது.

கண்ணி வைத்துக் கௌதாரி பிடிப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று அக்கம்பக்கத்தில் எடுத்துச் சொன்ன பிறகு, எங்கள் வேலியோரம் கண்ணிகள் தென்படவில்லை. நாய்த் தொல்லைதான் இன்னும் தீரவில்லை. முட்டைப் பருவத்தில் எங்கள் நாய்களைப் பட்டியிலேயே கட்டிவைக்கிறோம்; வெளியிலிருந்து வரும் நாய்கள் நுழையும் வடக்கு வேலியில் அடுத்த மழைக்கு முன் இரண்டாம் வரிசையாகக் கிளுவைப் போத்து நட இருக்கிறோம்.