மொட்டை மாடிச் சூட்டை அளக்க ஒரு பிபிசி மைக்ரோ

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் அனலாக் உள்ளீடு, அதாவது ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை நேராக அளக்கும் வசதி, கிடையாது. சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு தெர்மிஸ்டரை இணைக்கக்கூடத் தனியாக ஒரு சிப் வாங்க வேண்டும். 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினியிலோ ஜாய்ஸ்டிக்குக்காக நான்கு அனலாக் சேனல்கள் பின்பக்கமே இருக்கின்றன. மாடிக்குக் கீழே உள்ள என் அறை ராத்திரியிலும் ஏன் வேகிறது என்று பார்க்க அதையே இறக்கினேன். 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த ரகம் இது. என்னுடையதும் ஒரு பள்ளி கழித்துவிட்ட சாமான்களோடு வந்ததுதான்.

கரண்ட் கொடுக்கும் முன் பவர் சப்ளையைத் திறந்து, மெயின்ஸ் பக்கமுள்ள பழைய பேப்பர் கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டேன். வயதானால் அவை வெடிப்பு விட்டு ஈரம் குடித்து, ஒருநாள் புகை கக்கும்.

சென்சார் இணைப்பில்தான் சுவாரசியம். உள்ளீட்டை அளக்க மைக்ரோ அளவுகோலாக வைத்துக்கொள்ளும் ஒப்பீட்டு மின்னழுத்தம் ஏறக்குறைய 1.8 வோல்ட், மூன்று டயோடுகளிலிருந்து வருவதால் பெட்டி சூடானால் அதுவும் நகரும். ஆனால் அந்த அழுத்தம் போர்ட்டிலேயே வெளியே கிடைக்கிறது. அதிலிருந்தே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதற்குக் கீழே 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், பிறகு கிரவுண்ட் என்று கட்டினால், அளப்பதும் அளவுகோலும் சேர்ந்தே நகரும். பிழை அடிபட்டுப் போகும். 25 டிகிரியில், சேனலைப் படிக்கும் பேசிக் கட்டளையான 'அட்வால்' ஏறக்குறைய 32760 காட்டும், சூடு ஏற ஏற எண் இறங்கும். டிகிரியாக மாற்றும்போது பேசிக்கில் இயல் மடக்கைக்கான 'எல்என்' போட வேண்டும். 'லாக்' போட்டால் பத்தடி மடக்கை வந்து கணக்கு கெடும்.

கடைசி இலக்கங்கள் ஆடுவதால் பல தடவை படித்து சராசரி எடுக்கிறேன். ஒரு சேனலின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற 10 மில்லிசெகண்ட் ஆகிறது. இடைவெளி விடாமல் படித்தால் அதே பழைய எண்தான் திரும்பத் திரும்ப வரும்.

எண்களை ராஸ்பெர்ரி பைக்கு அனுப்புவது மைக்ரோவின் ஆர்எஸ்423 என்ற சீரியல் போர்ட் வழியாக. 'ஸ்டார் எஃப்எக்ஸ் 8,7' என்றால் வேகம் 9600 பாட் (நொடிக்கு அத்தனை பிட்); 'ஸ்டார் எஃப்எக்ஸ் 3,1' போட்டால் 'பிரின்ட்' செய்வதெல்லாம் திரைக்கும் கேபிளுக்கும் போகும். பையின் பக்கம் யூஎஸ்பி சீரியல் அடாப்டர்தான், பையின் 3.3 வோல்ட் பின்களில் நேராகச் செருகக் கூடாது. மைக்ரோ பக்கத்து வட்டமான டிஐஎன் (DIN) பிளக் தலைகீழாகவும் நுழைந்துவிடும், அதனால் மேல்பக்கத்தில் பெயின்ட் பொட்டு வைத்திருக்கிறேன். எதிர்முனை தயார் என்று சிடிஎஸ் கம்பி சொல்லாதவரை மைக்ரோ அனுப்பாது. பை போர்ட்டை மூடி வைத்தால், அனுப்பக் காத்திருக்கும் எண்கள் தங்கும் பஃபர் நிரம்பி புரோகிராமும் நின்றுவிடும். பையில் ஓடும் பைதான் (Python) நிரலில் போர்ட் எப்போதும் திறந்தே இருக்கும்படி செய்ததில் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எண்களை மைக்ரோவின் நினைவகத்திலேயே சேர்க்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சென்சார், எண்ணுக்கு இரண்டு பைட் என்றால் நாளுக்கு 1152 பைட். 32 கே-யில் 20 நாளைத் தாராளமாக அடைக்கலாம். ஆனால் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு, மைக்ரோவின் கடிகாரமான 'டைம்' மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதனால் அளப்பது மைக்ரோ, தேதியும் நேரமும் குறித்து எழுதி வைப்பது பை. சில நூறு ரூபாய் போர்டு ஒன்று இவ்வளவையும் தனியாகவே செய்யும் என்பது எனக்கும் தெரியும்.

ஒரு தெர்மிஸ்டர் கூரையின் அடியில், இன்னொன்று ஜன்னலுக்கு வெளியே நிழலில். வெளியே சூடு இறங்கத் தொடங்கிப் பல மணி நேரம் கழித்துத்தான் கூரை உச்சத்தைத் தொடுகிறது. மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு இதே இரண்டு கோடுகளையும் மறுபடி வரைந்து பார்க்க வேண்டும்.