திறப்பும் கொப்பியும்

சனசமூக நிலையத்துக்குப் புது நிர்வாகம் தெரிவான மறுநாளே பழைய செயலாளர் கதவுத் திறப்பைக் கொண்டுவந்து தந்துவிடுவார். கணக்கு, கூட்ட அறிக்கைக் கொப்பிகள் வந்துசேர ஆறு மாதம் எடுக்கும். சில ஊர்களில் வராமலே போகும். யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையம் பூட்டிக் கிடந்தால் காசில்லை என்றுதான் காரணம் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அநேகமாக அது கையளிப்பில் விட்ட பிழை.

அதனால் வருடாந்தப் பொதுக்கூட்டம் கலைய முன்பே கையளிப்புக்குத் திகதி குறியுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம். பழைய தலைவர், செயலாளர், பொருளாளர், புதியவர் மூவர், ஆறு பேரும் ஒரு மேசையில் இருந்து பட்டியலை இரண்டு பிரதி எழுதிக் கையொப்பமிட வேண்டும். யாப்பு, பதிவுச் சான்றிதழ், கூட்ட அறிக்கைக் கொப்பி, காசேடு, வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகமும் அதில் அடுத்து எழுத வேண்டிய இலக்கமும், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் (முடிந்தவற்றின் அடிக்கட்டையும்), காணி உறுதி, பொருட் பதிவேடு. றப்பர் முத்திரையை எல்லோரும் மறப்பார்கள். அது யாரோ ஒருவர் வீட்டு லாச்சிக்குள் கிடந்தால், நிலையத்தின் பெயரில் எந்தக் கடிதமும் எழுந்துவிடும்.

அடுத்தது வங்கி. கையொப்பதாரரை மாற்ற, பொதுக்கூட்டத் தீர்மானத்தின் உறுதிப்படுத்திய பிரதி கேட்பார்கள். அந்தத் தீர்மானத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் எழுதப்பட்டிருக்காவிட்டால் திரும்ப ஒரு கூட்டம் வைக்க வேண்டிவரும். மூன்று பேரைப் பதிந்து, பொருளாளரோடு மற்ற இருவரில் ஒருவர் என்று வைப்பது நல்லது. அந்த இருவரில் ஒருவர் திடீரென்று கனடாவுக்குப் போனாலும் கணக்கு முடங்காது. போகிறவர் வெறும் காசோலையில் கையொப்பம் வைத்துவிட்டுப் போவது வசதியாகத் தெரியும். இரண்டு கையொப்பம் என்ற காவல் அந்த நிமிடமே போய்விடும். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையொப்பதாரராக இருக்கவும் கூடாது. அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், ஆனால் ஊர் வாய் சும்மா இராது.

வெளிநாட்டுக் காசில்தான் சண்டை அதிகம். லண்டனில் இருக்கும் ஊரவர் தெரிந்த ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவார், அவர் உண்மையாகவே கூரைக்குச் செலவழிப்பார், ஆனால் நிலையத்தின் காசேட்டில் ஒரு வரியும் இராது. மூன்று வருடம் கழித்து ஒருவர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நிலையக் கணக்கிலக்கத்தை மட்டும் கொடுங்கள். காசு விழுந்த அன்றே பற்றுச்சீட்டு எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். பிழையாக எழுதிய பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாமல் 'இரத்து' என்று குறுக்கே எழுதி அடிக்கட்டையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். இல்லாத ஒரு இலக்கம் போதும், கணக்காய்வில் முழுப் புத்தகமும் சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

கதிரை இரவல் கொடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் ஊரோடு நிலையத்துக்கு இருக்கும் உறவு முழுக்க அதில்தான். இலக்கத்தை முதுகுப் பக்கம் எழுதினால் உரசித் தேயும். இருக்கையின் அடியில் எனாமல் பெயின்ற்றால் எழுதுங்கள். செத்தவீட்டுக்கு முற்பணம் கேட்கக் கூடாது, எண்ணிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம். கொடுத்த கதிரை 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை அங்கேயே நின்றுவிடும், நடுவில் ஒரு கலியாணவீடு வரும், அங்கேதான் மனஸ்தாபம். செத்தவீடு முடிந்து இரண்டாம் நாள் ஏற்றிவந்து எண்ணுங்கள். அந்தியேட்டிக்குத் திரும்பக் கொடுக்கும்போது புதுப் பதிவு போடுங்கள்.

எண்ணி எழுதுவதைக் கஞ்சத்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகம் அதிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியில் ஒற்றை அறையில் அது இயங்கியபோது இருந்தவை 844 நூல்கள். 1981இல் நூலகமே எரிந்த பிறகும் அந்த 844 இன்னும் நமக்குத் தெரிகிறதென்றால், அன்றைக்கு எவரோ இருந்து எண்ணியிருக்கிறார்.

காணி விஷயத்தில் வாய்ச்சொல் செல்லாது. 'அப்பா நிலையத்துக்கெண்டு தந்தவர்' என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் முன் நிற்காது. நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும், அதைக் காணிப் பதிவகத்தில் பதியவும் வேண்டும். தந்தவர் உயிரோடிருக்கும்போதே முடியுங்கள். பிறகு நாலு நாட்டில் இருக்கும் நாலு பிள்ளைகளிடம் கையொப்பம் வாங்க அலைய வேண்டிவரும்.

ஊரவர் கூடிச் செய்யும் சிரமதானத்தை மாரி தொடங்க முன், புரட்டாதிக்குள் வையுங்கள். காலை ஏழுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்துங்கள்; வெயில் ஏறினால் அடுத்த முறை பாதிப் பேர் வரமாட்டார்கள். 40 பேருக்கு இரண்டு தரம் பிளேன்ரீ என்றால் 200 கிராம் தேயிலையும் ஒரு கிலோ சீனியும் போதும். மத்தியானச் சாப்பாடு வேண்டாம், சமையலுக்கே பத்துப் பேர் போய்விடுவார்கள். பனையில் கை வைக்க முன் அனுமதி எடுங்கள். மண் வெட்டும்போது பழைய வெடிபொருள் தென்பட்டால் அலவாங்கைப் போட்டுவிட்டு எல்லோரும் விலகி, கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். படம் எடுக்கவும் கிட்டப் போகாதீர்கள்.

கூட்ட அறிக்கையில் பேச்சை எழுதாதீர்கள். என்ன தீர்மானம், யார் செய்வது, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் போதும். ஒன்றுவிட்டொரு கூட்டத்துக்கு உப செயலாளரை எழுத விடுங்கள். முதல் இரண்டு அறிக்கையும் மோசமாகத்தான் இருக்கும், திருத்திக் கொடுங்கள். ஒருவரே பத்து வருடம் செயலாளராக இருந்த ஊரில், அவர் படுக்கையில் விழுந்த அன்று கொப்பி எந்த அலுமாரியில் என்றுகூட மற்றவர்களுக்குத் தெரியாது.