மோஷன் பாஸ்

யார்க்‌ஷயர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்து மூன்றாவது வாரம். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தாவிடம் "டிட் யூ பாஸ் மோஷன்?" என்று கேட்டேன். நம்மூர் வார்டில் தினமும் கேட்கிற கேள்விதானே. அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "யூனியன் மீட்டிங்கில் நிறைய பாஸ் பண்ணியிருக்கிறோம், லவ். 1985ல் ஸ்ட்ரைக் முடிந்ததோடு அதெல்லாம் போச்சு." (லவ் என்றதும் பயப்பட வேண்டாம், அங்கே எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

அவருக்கு மோஷன் என்றால் தீர்மானம். பக்கத்துக் கட்டில் வரைக்கும் சிரிப்பு.

இத்தனைக்கும் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியில், நோயாளியாக நடித்தவரிடம் மருத்துவச் சொல் கலக்காமல் விளக்கி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். மோஷனை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. அது தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

சீனியர் தனியே கூப்பிட்டு, "பூ என்று கேள், போதும்" என்றார். விளையாட்டில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் இணையதளமே 'ஸ்டூல்', 'யூரின்' என்று எழுதாமல் பூ, பீ என்றுதான் எழுதுகிறது. எல்லாருக்கும் புரிய வேண்டுமாம். சரி, புரியட்டும். ஆனால் பூ! சாயங்காலம் தெருவில் பிச்சிப்பூக்காரி குரல் கேட்டதும் அம்மா கிண்ணத்தோடு வாசலுக்கு ஓடுவாளே, அந்தப் பூ. "இன்னைக்குப் பூ வந்துச்சா?" என்று தாத்தாவிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மட்டும் ஒரு கணம் வாசனை அடிக்கும். வார்டில் அடிக்கிற வாசனை வேறு என்பது வேறு விஷயம்.

கழிப்பறைச் சுவரில் 1997ல் வெளியான பிரிஸ்டல் மல அட்டவணை தொங்குகிறது. ஏழு வகை, படத்தோடு. முதல் வகை, தனித்தனியாகக் கெட்டி உருண்டைகள். எங்கள் ஆச்சி இதை எந்தப் படமும் இல்லாமல், "ஆட்டுப் புழுக்கையாட்டம் போச்சா, இளக்கமாப் போச்சா?" என்று தெரு முழுக்க விசாரிப்பாள். நர்சிங் காலேஜ் தோழிகளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனபோது அவர்களிடமும், "ஏட்டி, வெளிக்கி ஒழுங்காப் போறியளா?" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

இப்போது பழகிவிட்டது. முப்பது பேர் காதில் விழுகிற மாதிரி பூ, பீ என்று கத்துகிறேன், கூச்சமே இல்லை.

போன வாரம் அம்மா போன் செய்தாள், ஆச்சிக்கு நாலு நாளாக வயிறு இறங்கவில்லை என்று. ஸ்டாஃப் ரூமில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. இருந்தும் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆச்சி, மோஷன் போச்சா?" என்றேன்.

"யாரு, மோகனா? அவன் போன வாரமே மெட்ராசுக்குப் போயிட்டாம்லா."